நெரெவார் திரும்பி வந்தாரா? மோரோவிண்ட் விமர்சனம், தியரிகளோடு சேர்த்து

2002 மே மாதம் வந்த கேமுக்கு இப்போது விமர்சனம் எழுதக் காரணம் ஒன்றுதான். மறுபிறவி எடுத்த வீரன், எல்ஃப் குலம், பழைய தீர்க்கதரிசனம் என்று சொல்லிக்கொண்டு ஃபேன்டஸி கேம்கள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை முதல் அரைமணி நேரத்திலேயே "அந்த வீரன் நீதான்" என்று சொல்லி வாளைக் கையில் திணித்துவிடும். பெதஸ்டாவின் 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மோரோவிண்ட்' அதைச் செய்யவில்லை. நீங்கள் நிஜமாகவே மறுபிறவியா, மறுபிறவி வேஷம் கட்டி அனுப்பப்பட்ட ஆளா என்ற கேள்வியைக் கடைசிச் சண்டை வரை தொங்கவிடுகிறது. இரண்டு கட்சிக்கும் வேண்டிய சாட்சிகளைத் தீவு முழுக்க இறைத்தும் வைத்திருக்கிறது. இருபது வருடம் தாண்டியும் ரசிகர் தியரிகள் ஓயாமல் இருப்பது அதனால்தான்.

கதை முழுக்க இங்கே உடைபடும். விளையாடிவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் 'இனி செய்முறை' என்று தொடங்கும் பத்திக்கு நேராகப் போய்விடலாம், கடைசி இரண்டு பத்திகளை மட்டும் விட்டுவிட்டு.

இப்போது வாங்கக் கிடைப்பது கேம் ஆஃப் தி இயர் பதிப்பு. மூலக் கேமோடு 'டிரிபியூனல்' (2002), 'பிளட்மூன்' (2003) என்ற இரண்டு விரிவாக்கங்களும் அதிலேயே வருகின்றன. ஸ்டீமிலும் கிடைக்கும், ஜிஓஜியிலும் கிடைக்கும். ஜிஓஜி பிரதிக்குக் காப்புப் பூட்டு கிடையாது; நிறுவல் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

எல்ஃப் என்றதும் காட்டுக்குள் வில்லோடு நிற்கும் பொன்முடிக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இந்த உலகத்தில் அவர்களும் உண்டு, ஆனால் ஓரத்தில். கதை நடக்கும் வார்டன்ஃபெல் தீவு டன்மர்களுடையது. சாம்பல் நிறத் தோல், கனல் மாதிரி சிவந்த கண்கள், அடிமை வியாபாரம், முன்னோர் வழிபாடு, உயிரோடிருக்கும் மூன்று கடவுள்கள் என்று ஒரு கரடுமுரடான சமூகம். இவர்கள் ஒரு காலத்தில் பொன்னிறத் தோல் கொண்ட கைமர்களாக இருந்தார்கள், அஸூரா என்ற டெய்ட்ரா தேவதையின் சாபத்தில்தான் நிறம் மாறியது என்கிறது ஒரு கதை. இந்த உலகில் குள்ளர்கள் என்று அழைக்கப்படும் ட்வெமர்களும் எல்ஃப் இனம்தான். குள்ளமும் கிடையாது, அது மற்றவர்கள் வைத்த பெயர். இந்த மூன்று பெயர்களையும், சாபம் என்ற ஒரு சொல்லையும் மனதில் வைத்துக்கொண்டால் முக்கியமான தியரிகள் எல்லாம் புரிந்துவிடும்.

கதையின் முடிச்சு இது. முதல் யுகம் 700-இல், கைமர்களும் ட்வெமர்களும் மோதிய செம்மலைப் போரை ஒட்டி, கைமர்களின் தலைவன் இந்தோரில் நெரெவார் இறந்துபோகிறான். அவன் மறுபடி பிறந்து வருவான், பொய்க் கடவுள்களைத் தள்ளுவான் என்பது சாம்பல் நிலத்து நாடோடிக் குடிகளின் நம்பிக்கை. அப்படி வருபவனுக்கு 'நெரெவரீன்' என்று பெயர். மூன்றாம் யுகம் 427-இல் பேரரசன் யூரியல் செப்டிம் உத்தரவில் விடுதலையான ஒரு கைதி சேடா நீன் துறையில் கப்பல் இறங்குகிறான். அந்தக் கைதி நீங்கள். கையில் ஒரு பொட்டலம், அதைப் பல்மோரா ஊரில் இருக்கும் பேரரசின் உளவாளி கையஸ் கோசாடெஸிடம் சேர்க்க வேண்டும்.

அந்தப் பொட்டலம்தான் முதல் தியரிக்கு மூலச் சாட்சி. சங்கேத மொழியில் இருப்பதால் தொடக்கத்தில் உங்களால் படிக்க முடியாது. உர்ஷிலாகு என்ற நாடோடிக் குடியின் முகாமுக்கு உங்களை அனுப்பும் கட்டத்தில், சங்கேதம் பிரித்த நகலைக் கையஸே கொடுப்பார். நிறையப் பேர் அதைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். நின்று படியுங்கள். இந்த ஆளின் பிறந்த நாளும் பெற்றோர் யாரென்று தெரியாத பிறப்பும் உள்ளூர் நம்பிக்கையின் நிபந்தனைகளுக்குப் பொருந்துகின்றன, ஆகவே கூடுமானவரை மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றி நெரெவரீனாக ஆக வேண்டும் என்பதே பேரரசரின் விருப்பம் என்று அதில் எழுதியிருக்கும். 'ஆக வேண்டும்' என்பதைக் கவனியுங்கள். ஜாதகம் பொருந்தியதும் மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்த கதைதான்.

'வேஷதாரி' கட்சி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பேரரசின் உளவுத்துறை ஒரு கைதியைப் பிடித்து, தீர்க்கதரிசனத்தின் ஒவ்வொரு வரிக்கும் டிக் அடிக்க வைத்து, ஒரு மாகாணத்தின் மதத்தையே கவிழ்த்தது என்பது அவர்கள் வாதம். இதற்கு வலுவான துணை, இனத் தேர்வு. பத்து இனங்களில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். டன்மர்கள் அடிமையாக விற்கும் ஆர்கோனியப் பல்லி மனிதனாகவும் காஜீத் பூனை மனிதனாகவும் வந்து, அதே டன்மர்களின் மீட்பராகப் பட்டம் சூட்டிக்கொள்ளலாம். கேம் அதைத் தடுக்காது. (ஆர்கோனியனும் காஜீத்தும் காலணி போட முடியாது, முகம் மூடும் தலைக்கவசமும் சேராது. மீட்பர் வெறுங்காலோடுதான் வருவார். கவச மதிப்பெண்ணில் அதற்கான இழப்பும் உண்டு.)

எதிர்க்கட்சிக்கும் சாட்சி குறைவில்லை. உர்ஷிலாகு முகாமின் ஞானி நிபானி மாய்சா உங்களைப் பார்த்துச் சொல்வதன் சாரம்: நீ நெரெவரீன் இல்லை, நெரெவரீன் ஆகக்கூடியவன். மூன்றாம் சோதனையில் அவதாரக் குகைக்குள் போனால் அஸூராவின் சிலையிடமிருந்து நிலவும் நட்சத்திரமும் பதித்த மோதிரம் கிடைக்கும். அது நெரெவாரின் மோதிரம். வேறு யார் போட்டாலும் உயிர் போகும் என்பது ஐதீகம். நீங்கள் போடுகிறீர்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறொருவர் போட்டுச் செத்ததை கேம் கண்ணில் காட்டவே இல்லை. சாட்சி உண்டு, குறுக்கு விசாரணைதான் நடக்கவில்லை.

மோதிரத்தை எடுத்ததும் குகைக்குள் ஆவிகள் எழும். உங்களுக்கு முன்னால் வந்து தோற்றுப்போன அவதாரங்கள் இவை: பீக்ஸ்டார், கோனூன் சோடாலா, ஹோர்ட்-லெட், இட்ரெனி நெரோதன், எரூர்-டான், ஆனே தெரியா. ஆறு பேரிடமும் தனித்தனியாகப் பேசலாம். ஒரே மனிதனின் மறுபிறவி என்றால் இத்தனை பேர் எப்படி? இங்கேதான் தமிழில் யோசிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் கேம் மாறி மாறிப் பயன்படுத்தும் இரண்டு சொற்களை நாம் மறுபிறவி, அவதாரம் என்று பிரித்தே பழகியிருக்கிறோம். மறுபிறவியில் உயிர் ஒன்று, உடல் வேறு, விட்ட குறை தொட்ட குறை கூடவே வரும். அவதாரம் ஒரு காரியத்துக்காக எடுக்கப்படுவது. குகையில் நிற்கும் ஆவிகள் எல்லாம் காரியத்தில் தோற்றவர்கள். அதனால் நெரெவரீன் என்பது பதவி, பிறப்பால் வராது, முடித்தவருக்கே பட்டம் என்ற மூன்றாவது தியரிதான் குகைக் காட்சியோடு ஒட்டிப் போகிறது. 2017-இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்: மோரோவிண்ட்' இதற்கு ஒரு முட்டுக் கொடுத்தது. பல நூறு ஆண்டுகள் முன்னால் நடக்கும் அந்தக் கதையில் அதே சோடாலா, தானே நெரெவரீன் என்று சொல்லிக்கொண்டு குடிகளைத் திரட்டுவதை நேரில் பார்க்கலாம். 2002-இல் ஆவியாக நின்றவனின் முன்கதை அது.

ஒப்பிட வேண்டுமென்றால் 'ஸெல்டா' வரிசையைச் சொல்லலாம். கூர்ந்த காது, பச்சைச் சட்டை, யுகம் தோறும் திரும்பி வரும் வீரன். ஆனால் 2011-இல் வந்த 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்' கடைசிக் காட்சியில் வில்லனே சாபமாகச் சொல்லி அந்தச் சுழற்சிக்குக் காரணம் காட்டிவிட்டான். அதன் பிறகு ரசிகர்களுக்கு எந்த லிங்க் (அந்த வீரனின் பெயர்) எந்தக் காலம் என்ற காலக்கோட்டுக் கணக்கு மட்டும்தான் மிச்சம். மோரோவிண்ட் காரணத்தைச் சொல்லாமல் விட்டதால் விவாதம் இன்னும் சூடாக இருக்கிறது.

அடுத்த தியரி, நெரெவாரைக் கொன்றது யார் என்பது. மொத்தக் கேமிலும் நேர்த்தியாகக் கட்டப்பட்ட புதிர் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கோவிலின் அதிகாரபூர்வக் கதைப்படி அவன் போரில் பட்ட காயத்தால் இறந்தான். நாடோடிக் குடிகளின் கதைப்படி, நெரெவாரின் கேடயத் தோழன் அலாண்ட்ரோ சுல் சொல்லிச் சென்றபடி, அவனுடைய மனைவி ஆல்மலெக்சியாவும் ஆலோசகர்கள் சோதா சில், விவெக் இருவரும் சேர்ந்து கொன்றார்கள். விஷமேறிய மெழுகுவத்தி, விஷமேறிய அங்கி, விஷமேறிய மந்திரம் என்று ஆளுக்கொன்று. பிறகு ட்வெமர்களின் கருவிகளை வைத்து மூவரும் கடவுள் ஆனார்கள், அஸூரா சபித்தாள், கைமர் இனமே சாம்பல் நிறமானது. கொன்றவர்கள் என்று சொல்லப்படும் மூவரும் உயிரோடு, கோவிலில் பூசை வாங்கிக்கொண்டு இருக்கிறார்கள். விவெக்கிடம் நேரில் கேட்டால் தன் பக்கத்துக் கதையைச் சாவகாசமாகச் சொல்வார். ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒப்புதல் வேறு இடத்தில் இருக்கிறது. தீவெங்கும் சிதறிக் கிடக்கும் 'விவெக்கின் 36 பாடங்கள்' என்ற பிரசங்க நூல்கள், முதல் பார்வைக்குக் கஞ்சா அடித்த சித்தர் பாட்டு மாதிரி இருக்கும். எழுதியவர் மைக்கேல் கிர்க்பிரைட். கடைசிப் பிரசங்கமான 36-ஐ எடுத்து, ஒவ்வொரு பத்தியின் முதல் எழுத்தையும் மேலிருந்து கீழே சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'ஃபவுல் மர்டர்', அதாவது கொடுங்கொலை என்று வரும். அதைவிடப் பெரியது 29-ஆம் பிரசங்கம். அதில் ஒரு எண் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் அதற்கு நேரான பிரசங்கத்தில் எத்தனையாவது சொல்லை எடுக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. எடுத்துக் கோத்தால் ஒரு வாக்குமூலம் கிடைக்கும்: அவன் கடவுளாகப் பிறக்கவில்லை, விதி அவனை இங்கே தள்ளவில்லை, தானாகத் தேர்ந்தெடுத்தான், தெய்வத்தன்மையைத் திருடினான், தலைவனைக் கொன்றான், எழுதியது விவெக். கோவிலே அச்சிட்டு விற்கும் புனித நூலுக்குள் கோவிலின் கடவுளே குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒளித்து வைத்திருக்கிறார்.

இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், பிரசங்கங்கள் ஒரே இடத்தில் கிடைக்காது. விவெக் நகரத்தின் அயலார் குடியிருப்பில் ஜோபாஷாவின் அரிய புத்தகக் கடையிலிருந்து தேடத் தொடங்கலாம். பல பிரசங்கங்கள் திறன் நூல்களும்கூட, முதல் தடவை திறக்கும்போது ஏதாவது ஒரு திறன் ஒரு புள்ளி கூடும். ஆகவே சங்கேதத்துக்காக அலைவது வீண் அலைச்சல் ஆகாது. எண்ணும்போது தலைப்பைச் சேர்க்காதீர்கள், கணக்கு ஒரு சொல் தள்ளிப்போனாலும் வாக்கியம் உளறலாகிவிடும்.

கொலைத் தியரிக்கு எதிர்வாதம் உண்டா என்றால், உண்டு. அந்த வாக்குமூலமே விவெக்கின் இன்னொரு நாடகம், தன் பாவத்தையும் காவியமாக்கிக்கொள்ளும் ஆள் அவர் என்பார்கள். வாதம் சுவையானது. ஆனால் இவ்வளவு மெனக்கெட்டு ஒளித்த ஒன்றை நாடகம் என்று தள்ளுவதற்கு, நாடகம் என்று காட்டும் இன்னொரு சாட்சி வேண்டும். கேமுக்குள் அது இல்லை. கொன்றார்கள் என்றே தீர்ப்பு எழுதலாம்.

ட்வெமர்கள் எங்கே போனார்கள் என்ற தியரிக்குத் தீர்ப்பு அவ்வளவு சுலபமில்லை. செம்மலைப் போரின்போது அவர்களின் தலைமைச் சிற்பி காக்ரெனாக், லோர்கான் என்ற இறந்த கடவுளின் இதயத்தின்மீது தன் கருவிகளைப் பிரயோகித்தார். அந்தக் கணத்தில் ஒரு இனமே காணாமல் போனது. எஞ்சியவர் ஒரே ஒருவர், யாக்ரம் பாகர்ன். சம்பவ நேரத்தில் வேறொரு உலகத்தில் இருந்ததால் தப்பித்தவர். டெல் ஃபிர் கோபுரத்தின் அடியில், கோர்ப்ரஸ் நோயால் உடல் ஊதிப்போய், எந்திரச் சிலந்திக் கால்களின்மேல் உட்கார்ந்திருப்பார். அவருக்கும் விடை தெரியாது. அழிந்திருக்கலாம், வேறு நிலைக்குப் போயிருக்கலாம் என்று ஊகம்தான் சொல்வார். மந்திரவாதிகள் சங்கத் தலைவர் ட்ரெபோனியஸ் கொடுக்கும் 'குள்ளர்களின் மர்மம்' வேலையை எடுத்து, 'காலத்தின் முட்டை', 'தெய்வ மெய்யியல்', 'தொங்கும் தோட்டங்கள்' ஆகிய மூன்று நூல்களோடு நிஸிஸ் ஊரில் இருக்கும் பலாடாஸிடம் போனால், கேம் தரக்கூடிய அதிகபட்ச விளக்கம் கிடைக்கும். இதயத்தின் சக்தியால் ஒரு புதிய கடவுளைக் கட்ட முயன்றார்கள் என்பது வரை உறுதி. அந்தக் கடவுள் எந்திரத்தின் தோலாகவே அவர்கள் ஆகிப்போனார்கள் என்பது ரசிகர்கள் மத்தியில் செல்வாக்குள்ள தியரி. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சாட்சி 'ஸ்கைரிம்' (2011) கேமில் இருக்கிறது. ஆர்னியல் கேன் என்ற ஆராய்ச்சியாளர், காக்ரெனாக்கின் அதே கத்தியை ஒரு ஆன்மக் கல்மேல் அடித்ததும் உங்கள் கண்ணெதிரே மறைந்துபோவார். பிறகு அவருடைய நிழலை மந்திரத்தால் வரவழைக்க முடியும். செத்தவர் மாதிரி தெரியவில்லை, எதிலோ கட்டுண்டவர் மாதிரிதான் இருக்கிறது.

சிம் (CHIM), அதாவது உலகமே ஒரு கனவு என்று அறிந்தும் தன்னை இழக்காத ஞானநிலை, என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, விவெக்குக்குத் தான் ஒரு கேமுக்குள் இருப்பது தெரியும், சேவ் செய்து மறுபடி ஏற்றுவதைத்தான் அவர் ஞானம் என்கிறார் என்று ஒரு தியரி இணையத்தில் பெரிய பெயரோடு உலவுகிறது. படிக்க ஜாலி. ஆனால் அதன் முக்கால்வாசி ஆதாரம் கேமுக்கு வெளியே எழுதப்பட்டவற்றிலிருந்து வருகிறது. கோர்ப்ரஸ் நோயிலிருந்து பிழைத்தவருக்கு முதுமையும் நோயும் கிடையாது என்பதால் நெரெவரீன் இன்னும் உயிரோடிருக்கிறார் என்பதற்கு அதைவிட அடித்தளம் உண்டு. 'ஒப்லிவியன்' (2006) கேமில், அவர் அகாவிர் கண்டத்துக்குப் பயணம் போய்விட்டார் என்று ஊர்ப்பேச்சு காதில் விழும். அதற்குமேல் செய்தி வரவில்லை.

இனி செய்முறை. தியரியை நம்பி வாங்கியவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் கேமைத் தூக்கி எறியக் காரணம் சண்டைதான். கத்தி எதிரியின் உடம்பில் படுவது கண்ணுக்குத் தெரியும், சேதம் ஏறாது. இது பழுது கிடையாது. உள்ளே பகடை உருள்கிறது. கணக்கு இப்படி: ஆயுதத் திறன், அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டி, களைப்புக் கெழுவால் பெருக்க வேண்டும். திரையில் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு நிறைந்திருந்தால் கெழு 1.25, காலியானால் 0.75. இதிலிருந்து எதிரியின் தப்பிக்கும் எண்ணைக் கழித்தால் அடி விழும் சதவீதம் வரும்.

எண் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். டன்மர் ஒருவன் குறுவாளை முதன்மைத் திறனாக எடுத்து, சிறப்புப் பிரிவாகப் பதுங்கலைத் தேர்ந்தால் 30, 5, இனச் சலுகை 10 என்று 45-இல் தொடங்குவான். சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்றால் கூட்டுத்தொகை 57. களைப்பில்லாதபோது 71, முழுக்கக் களைத்தால் 43. எதிரியும் அதே சுறுசுறுப்பு, அதிர்ஷ்டத்தோடு தெம்பாக நின்றால் 15 கழியும். மிஞ்சுவது 56 அல்லது 28. அதே ஆள், கண்ணில் பட்டது என்பதற்காக ஒரு கோடரியைத் தூக்குகிறான் என்று வையுங்கள். கோடரித் திறன் 5. தெம்பாக இருந்தால் 6 சதவீதம். எதிரியை நோக்கி ஓடிக் களைத்துப்போயிருந்தால் பூஜ்யத்துக்கும் கீழே. எத்தனை மணி நேரம் வீசினாலும் ஒரு அடிகூட விழாது.

ஆகவே முதன்மைத் திறனாக எடுத்த ஒரே ஆயுதத்தை மட்டும் தொடுங்கள். சண்டைக்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக நெருங்குங்கள், ஓடினால் பச்சைக் கோடு கரையும். மந்திரம் பலிப்பதும் பேரம் படிவதும்கூட இதே பச்சைக் கோட்டைப் பொறுத்தது. களைப்பு போக்கும் மருந்தைக் கையோடு வைத்துக்கொள்ள ரொட்டியும் பெரிய குவாமா முட்டையும் போதும். இரண்டுக்கும் முதல் குணம் களைப்பு நீக்கம்தான், கல்வத்தில் இட்டு அரைத்தால் மருந்து. பிறப்பு ராசியில் 'போர்வீரன்' எடுத்தால் அடி விழும் சதவீதத்தில் நேராக 10 கூடும். 'சீமாட்டி' எடுத்தால் தாங்குதிறன் 25 கூடும்.

தாங்குதிறனை ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு லெவலிலும் அதில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்புள்ளியாகச் சேரும், பழைய லெவல்களுக்கு முன்தேதியிட்டுச் சேராது. 40-இல் இருக்கும்போது லெவலுக்கு 4, 100-இல் 10. பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் போனது போனதுதான். நடுத்தரக் கவசம், கனத்த கவசம், ஈட்டி மூன்றும் தாங்குதிறனின் கீழ் வருபவை. ஒரு லெவலுக்குள் இவற்றில் மொத்தம் பத்து ஏற்றம் கிடைத்தால், லெவல் ஏறும்போது தாங்குதிறனில் 5 புள்ளி போடலாம். ஐந்து முதல் ஏழு என்றால் 3 தான். முதல் பத்து லெவலுக்கு இதை மட்டும் பார்த்துக்கொண்டாலே பின்பாதி சுலபமாகிவிடும். காலணி போடாத மீட்பர்களுக்கு இது இன்னும் அவசியம்.

கணினியில் மூல நிரலை அப்படியே ஓட்டினால் பெரிய திரையில் எழுத்து கடுகு மாதிரி தெரியும், பார்வைத் தூரமும் குறைவு. இந்தக் கேமில் பேச்சின் பெரும்பகுதி எழுத்தாகவே வருவதால், கண் வலித்தே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஓபன்எம்டபிள்யூ என்ற திறமூல எஞ்சினில் ஓட்டுவதே நல்லது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், இலவசம்; ஆனால் கேமின் தரவுக் கோப்புகள் நீங்கள் வாங்கியவையாக இருக்க வேண்டும். முதலில் கேமை 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்கு வெளியே நிறுவுங்கள், அங்கே வைத்தால் விண்டோஸின் அனுமதிக் கட்டுப்பாடு மோடுகளையும் (ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்புகள்) அமைப்புக் கோப்புகளையும் குழப்பும். பிறகு ஓபன்எம்டபிள்யூவின் நிறுவல் வழிகாட்டியைத் திறந்து மோரோவிண்ட் முதன்மைக் கோப்பைக் காட்டி, பழைய அமைப்புகளை இறக்குமதி செய்யச் சொல்லுங்கள். லாஞ்சரில் மோரோவிண்ட், டிரிபியூனல், பிளட்மூன் மூன்றையும் அந்த வரிசையிலேயே டிக் செய்து, இடைமுக அளவைத் திரைக்கு ஏற்றபடி கூட்டினால் வேலை முடிந்தது. சண்டைக் கணக்கு இதிலும் அதேதான், மாறாது.

ஒரு மோடு மட்டும் முதல் நாளிலேயே போடத் தகுந்தது. டிரிபியூனல் நிறுவியிருந்தால், நீங்கள் லெவல் ஒன்றில் படுத்தாலும் ஒரு கூலிக் கொலைகாரன் வந்து தூக்கத்தில் எழுப்புவான். தோற்றால் அங்கேயே கதை முடிந்தது. ஜெயித்தால் அதைவிடக் கெடுதல்: அவன் கவசத்தை விற்ற காசில் தொடக்கப் பகுதியின் வறுமையே மறைந்துபோகும். விரிவாக்கத்தின் கதை அப்போதே தொடங்கும்படி வைத்ததால் வந்த வினை. கொலைகாரர்களின் வருகையைப் பின்னுக்குத் தள்ளும் சிறு மோடுகள் எளிதாகக் கிடைக்கின்றன.

வரைபடத்தில் அம்புக்குறி கிடையாது. "பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடது பக்கம்" என்று ஆட்கள் வாயால்தான் வழி சொல்வார்கள், சிலர் தப்பாகவும் சொல்வார்கள். புதியவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது ஆர்க்ங்தாண்ட் இடிபாட்டில். வட்டக் கதவு திறக்காது. பக்கத்தில் ஓடும் குழாயில் இருக்கும் திருகைத் திருப்ப வேண்டும். உள்ளே தேடும் ட்வெமர் புதிர்ப்பெட்டி கைக்குள் அடங்கும் சிறு கனசதுரம், அலமாரித் தட்டில் மற்ற தட்டுமுட்டுச் சாமானோடு கலந்து கிடக்கும். பெரிய பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. அவதாரக் குகையின் கதவு காலை 6 முதல் 8 வரையும், மாலை 6 முதல் 8 வரையும்தான் திறக்கும். ஹோலமாயன் மடமும் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே. கதவு பழுது என்று நினைத்து மறுபடி நிறுவியவர்கள் உண்டு. பக்கத்திலேயே காத்திருப்புக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வழியில் கிளிஃப் ரேசர் பறவைகள் ஓயாமல் மேலே விழும். அதற்கு மருந்து பொறுமை மட்டும்தான்.

யாரை வேண்டுமானாலும் கொல்லலாம் என்பதும் இந்தக் கேமின் சிறப்பு. முக்கியமான ஆள் செத்தால், தீர்க்கதரிசனத்தின் இழை அறுந்தது, பழைய சேவுக்குத் திரும்பு அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே இரு என்று அறிவிப்பு வரும். அதன் பிறகும் கதையை முடிக்க ஒரு கள்ளவழி வைத்திருக்கிறார்கள். விவெக்கைக் கொன்று, அவரிடமிருக்கும் ட்வெமர் கையுறையை எடுத்து, காக்ரெனாக்கின் இரண்டு குறிப்பேடுகளோடு யாக்ரமிடம் போனால் அவர் அதைச் சரிசெய்து தருவார். போட்டுக்கொள்ளும்போது உயிர்ப்புள்ளி நிரந்தரமாகக் குறையும், நிறையவே. தீர்க்கதரிசனத்தை ஒரு வரிகூட நிறைவேற்றாமலே தீர்க்கதரிசனத்தின் வேலையை முடிக்கலாம் என்பதால், வேஷதாரிக் கட்சியினர் இந்த வழியை விரும்பி எடுப்பார்கள்.

எந்த வழியில் வந்தாலும் கடைசி ஏற்பாடு ஒன்றுதான். காக்ரெனாக்கின் கருவிகளில் கீனிங் கத்தி ஓட்ரோசால் கோட்டையில், சண்டர் சுத்தியல் வெமினால் கோட்டையில். கையுறை கையில் ஏறாமல் இரண்டில் எதையும் ஆயுதமாகப் பிடிக்காதீர்கள், பிடித்த இடத்திலேயே உயிர் போகும்; பையில் வைத்திருக்கலாம். செம்மலைக்குள் இருக்கும் கடைசி எதிரி டாகோத் உர்ரை முதலில் வீழ்த்தினாலும் அவன் இதய அறையில் மறுபடி எழுந்து நிற்பான். அங்கே அவனோடு மல்லுக்கட்டுவது வீண். ஓடிப்போய் இதயத்தை முதலில் சண்டரால் ஒரு தடவை அடித்து, பிறகு கீனிங்கால் அது அறுபடும் வரை குத்த வேண்டும். வரிசை மாறினால் ஒன்றும் நடக்காது.

ஆனால் அதற்கு முன்னால், வாசலில் டாகோத் உர் உங்களை நிறுத்தி, நெரெவாரின் பழைய நண்பனாகப் பேச்சுக் கொடுப்பான். அவன் கேட்கும் கேள்விகளில் ஒன்று: நிஜமாகவே நீ நெரெவாரின் மறுபிறவியா? ஆம் என்று ஒரு பதில், என் விதியை நானே எழுதுகிறேன், நெரெவார் நானில்லை என்று ஒரு பதில், தெரியவில்லை என்று ஒரு பதில். எதை அழுத்தினாலும் அவன் அதற்கேற்ப ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சண்டைக்குத் தயாராவான். பரிசும் மாறாது, முடிவும் மாறாது. மூன்றையும் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அவனை நெருங்குவதற்கு முன்னால் தனி இடத்தில் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.